இலவச டேட்டிங் தளங்கள்: சின்ன ஊரிலிருந்து தேடுகிறவர்களுக்கு

மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டியில் இருந்துகொண்டு டிண்டரையோ பம்பிளையோ திறந்து, தேடும் தூரத்தை 20 கிலோமீட்டர் என்று வைத்துப் பாருங்கள். பேரையூர் வரும், திருமங்கலம் வரும், இடையில் உள்ள கிராமங்களெல்லாம் வரும். ஆனால் கண்ணில் படும் முகங்கள் கொஞ்சம்தான். அதிலும் ஒன்றிரண்டு தெரிந்த முகமாக இருக்கும்: உரக்கடையில் பார்த்தவர், கல்லூரிப் பேருந்தில் கூட வந்தவர், ஒன்றுவிட்ட சித்தப்பா மகன். நீங்கள் அவர்களைப் பார்க்கிறீர்கள் என்றால் அவர்களும் உங்களைப் பார்க்கிறார்கள். பெரிய நகரத்தில் இருப்பவர் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துகொள்ளலாம். பேரூராட்சி அளவுள்ள ஊரில் அதற்கு வழியில்லை. சென்னைக்காரருக்கும் பெங்களூர்க்காரருக்கும் எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாமல் போவது இதனால்தான்.

ஆகவே தளத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பாக ஓர் ஆளைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் இப்படி ஒரு தளத்தில் இருக்கிறீர்கள் என்பது தெரிந்த ஓர் ஆள். அக்காவாக இருக்கலாம், மதினியாக இருக்கலாம், கூடப் படித்தவராக இருக்கலாம். ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கிறவராக, முதலில் திட்டாமல் "என்ன ஆச்சு, சொல்லு" என்று கேட்கிறவராக இருக்க வேண்டும். எந்தத் தளம், அதில் என்ன பெயர், யாரோடு பேசுகிறீர்கள், எங்கே சந்திக்கப் போகிறீர்கள் என்ற நான்கும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும். இந்த வழியில் வரும் மோசடிகளில் பல நம் பேராசையைவிட நம் பயத்தை நம்பியே நடக்கின்றன. "உங்க அப்பாவுக்கு அனுப்பிருவேன்", "ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுருவேன்" என்ற மிரட்டல் தனி ஆளிடம்தான் எடுபடும். வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருந்தால் மிரட்டுகிறவரின் பிடி பாதியாகத் தளர்ந்துவிடும். அப்படி ஒருவர் இப்போது இல்லையென்றால், கிடைக்கும்வரை கணக்குத் தொடங்குவதைத் தள்ளிப்போடுங்கள் என்றே சொல்வேன்.

துணை தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 18 வயது நிறைந்த எவருக்கும் அது அவரவர் உரிமை. 18 நிறையாதவர்களுக்கு இந்தத் தளங்கள் கிடையாது. வயதை மாற்றிப் போட்டு நுழைந்தால், சிக்கலில் மாட்டியபின் உதவி கேட்கவும் தயங்குவார்கள்.

எந்தத் தளம்?

முதலில் உங்களுக்கு வேண்டியது பழக்கமா, கல்யாணமா என்பதில் தெளிவாக இருங்கள். கல்யாணத் தளங்கள் நமக்குப் புதியவையல்ல. சென்னையைச் சேர்ந்த முருகவேல் ஜானகிராமன், அமெரிக்காவில் வேலை பார்த்த காலத்தில், 1997-இல் தமிழர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். அதன் வரன் தேடும் பகுதிக்கு இருந்த வரவேற்பைப் பார்த்து வளர்த்ததுதான் பாரத் மேட்ரிமோனி. டேட்டிங் பக்கத்தில் டிண்டர், பம்பிள், ஹிஞ்ச், ஓகேகியூபிட் போன்றவை வெளிநாட்டு நிறுவனங்களுடையவை. ஐல் இந்திய நிறுவனம். தமிழர்களுக்கென்று 'அன்பே' என்ற செயலியையும் கொண்டுவந்தது.

இரண்டுக்கும் சட்டப்படி ஒரு வித்தியாசம் உண்டு. கல்யாணத் தளங்களுக்காக மத்திய அரசு 2016-இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. பதிவு செய்கிறவரின் அடையாளச் சான்றைத் தளம் வாங்க வேண்டும், தளம் கல்யாணத்துக்கு மட்டுமே என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும், குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்பவை அதில் உள்ளன. டேட்டிங் செயலிகளை இந்த நெறிகள் கட்டுப்படுத்தா. அவற்றுக்குப் பொருந்துவது 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள். அந்த விதிகளும் குறைதீர் அலுவலரைக் கேட்கின்றன. ஆகவே எந்தத் தளமானாலும் உங்கள் பெயரைக் கொடுக்கும் முன் அதன் பக்கத்தின் அடிவரை போய், குறைதீர் அலுவலரின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூடிவிடுங்கள். நாளைக்கு உங்கள் படத்தை எவனோ எடுத்துப் போலிக் கணக்கு தொடங்கினால், முறையிட ஆள் இல்லாத தளம் எவ்வளவு இலவசமாக இருந்து என்ன பயன்?

இலவசம் என்றால் எதுவரை இலவசம் என்பதையும் கவனியுங்கள். கல்யாணத் தளங்களில் பதிவு இலவசம். தொலைபேசி எண் பார்க்கப் பணம். டேட்டிங் செயலிகளில் விருப்பம் தெரிவிப்பது ஓரளவு இலவசம். உங்களை யார் விரும்பினார்கள் என்று பார்க்கப் பணம். இப்படித்தான் அவர்கள் சம்பாதிக்கிறார்கள், அதில் தவறில்லை. எங்கும் பணமே கேட்காத, யார் நடத்துகிறார்கள் என்றும் தெரியாத தளம்தான் கவலைக்குரியது. அங்கே விற்பனைக்கு இருப்பது உங்கள் விவரம்.

விவரம் வெளியே போவது கற்பனைப் பயமல்ல. 2015-இல் ஆஷ்லி மேடிசன் என்ற வெளிநாட்டுத் தளத்திலிருந்து 3 கோடிக்கும் அதிகமான கணக்குகளின் விவரம் வெளியானது. கணக்கை முழுதாக அழிக்கக் காசு கட்டியவர்களின் விவரமும் அதில் இருந்தது. 2025-இல் அமெரிக்காவில் பெண்களின் பாதுகாப்புக்கென்றே வந்த 'டீ' என்ற செயலியிலிருந்து சுமார் 72,000 படங்கள் வெளியாயின. அவற்றில் 13,000 போல, ஆள் சரிபார்ப்புக்காகக் கொடுத்த செல்ஃபிகளும் அடையாள அட்டைகளும். எனவே சான்று கேட்கிற தளத்தில் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதார் நகலைக் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே அதைப் பதிவிறக்கலாம்.

கூகுளில் தமிழில் தேடினால் முதலில் வந்து நிற்பவை வேறு மாதிரி. "பெண்கள் வாட்ஸ்அப் நம்பர் இலவசம்", டெலிகிராம் குழுக்கள், பிளே ஸ்டோரில் இல்லாத ஏபிகே கோப்புகள். எதையும் தொடாதீர்கள். ஏபிகே கோப்பை நிறுவினால் உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியை வாங்கிக்கொண்டு, வங்கியிலிருந்து வரும் ஓடிபியையும் எடுத்துவிடுவார்கள். ஆண்களுக்கு "பணக்காரப் பெண்களோடு பழகச் சம்பளம்" என்று சொல்லிப் பதிவுக் கட்டணம் வாங்கும் விளம்பரங்கள் முழுக்கத் திருட்டு.

படமும் பெயரும்

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் நின்று எடுத்த நல்ல படம், முகம் தெளிவாக இருக்கிறது. இப்போது முகத்தை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். பின்னால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, அதில் பெயின்டால் எழுதிய பெயர். கீழே தெருவில் காதணி விழா ஃபிளெக்ஸ். அதில் தாய்மாமன் பெயர்கள், தெருப் பெயர், தேதி. ஓரத்தில் நிற்கும் வண்டியின் எண். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையின் நாடா, அதில் கல்லூரிப் பெயர். கையில் கயிறு. தென்மாவட்டங்களில் மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே இன்ன சாதி என்று சொல்லிவிடுவார்கள். 2024-இல் நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் அந்தக் கயிறுகளே கூடாது என்று பரிந்துரைக்கும் அளவுக்கு அது போயிருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை; ஊர், தெரு, குடும்பம், கல்லூரி, சாதி ஐந்தையும் படமே சொல்லிவிட்டது. காந்தி நிகேதன் ஆசிரமத்தின் பெயர்ப்பலகை பின்னால் தெரிகிற மாதிரி ஒரு படம் போட்டால், அது கல்லுப்பட்டி என்று கண்டுபிடிக்க வெளியூர்க்காரருக்கு ஒரு நிமிடம் போதும்.

வெறும் சுவர் முன்னால் புதிதாக ஒரு படம் எடுங்கள். வாட்ஸ்அப் டிபியிலோ ஃபேஸ்புக்கிலோ ஏற்கெனவே இருக்கும் படம் வேண்டாம், ஏனென்றால் படத்தை வைத்துத் தேடும் வசதி எல்லார் கையிலும் இருக்கிறது. பெயரில் முதல் பாதி போதும். பிறந்த வருடம் சரியாக இருக்கட்டும், தேதி வேண்டாம். வேலை உண்டு என்று சொல்லுங்கள், நிறுவனத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். சாதிப் பெயர், தலைவர் படம் இரண்டையும் விட்டுவிடுங்கள். இதில் எதுவும் பொய் சொல்வதாகாது. சொல்ல நேரம் வரும்வரை காத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். பொய் வயது, பொய் வேலை, கல்யாணமானதை மறைப்பது ஆகியவை வேறு. அவற்றைச் செய்கிறவர்களுக்காக இது எழுதப்படவில்லை.

இருப்பிட விஷயத்தில் மூன்று காரியம் செய்யலாம். ஆண்ட்ராய்டு போனில் அந்தச் செயலிக்குத் துல்லியமான இருப்பிட அனுமதியை எடுத்துவிட்டு, தோராயமான அனுமதியை மட்டும் கொடுங்கள். தூரத்தைக் காட்ட வேண்டாம் என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். 2024-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 15 டேட்டிங் செயலிகளைச் சோதித்ததில், ஆறு செயலிகளில் ஒருவர் இருக்கும் இடத்தை ஏறக்குறையத் துல்லியமாகக் கணக்கிட முடிந்தது. சொன்ன பிறகு நிறுவனங்கள் சரிசெய்தன என்றாலும் அடுத்த ஓட்டை எப்போது வரும் என்று யார் கண்டது? மூன்றாவது, டிண்டரில் தெரிந்தவர்களின் எண்களை முன்கூட்டியே தடுக்கும் வசதி இருக்கிறது. மாமா, சித்தப்பா, டியூஷன் சார் என்று வரிசையாகத் தடுத்துவிட்டால், அவர்கள் அதே எண்ணில் கணக்கு வைத்திருக்கும் பட்சத்தில் நீங்கள் அவர்கள் கண்ணில் படமாட்டீர்கள். சின்ன ஊர்க்காரர்களுக்கு மிகவும் பயன்படும் வசதி இது.

தொலைபேசி எண்ணை அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம் என்பதற்குப் பலரும் யோசிக்காத காரணம் ஒன்று உண்டு. கூகுள் பே, போன்பே போன்ற எதிலாவது ஓர் எண்ணை அடித்துப் பாருங்கள், வங்கியில் பதிவான முழுப்பெயர் வந்துவிடும். எண்ணைக் கொடுப்பது முழுப்பெயரைக் கொடுப்பதற்குச் சமம். இதையே நீங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம். 'அர்ஜுன்' என்று சொல்லிக்கொண்டு எண் கொடுத்தவரின் பெயர் வேறாக வந்தால், அங்கேயே ஒரு கேள்வி கேளுங்கள்.

பேச்சு எப்படிப் போகும்

மோசடிக்காரர்கள் எழுதுவதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. தமிழில் இப்படித்தான் போகும்.

முதல் நாள்: "ஹாய், உங்க ப்ரொஃபைல் பார்த்தேன், ரொம்ப மரியாதையா எழுதியிருக்கீங்க. நான் லண்டன்ல டாக்டர். பூர்வீகம் மதுரைதான், சின்ன வயசுலயே வந்துட்டோம்." இரண்டாம் நாளே, "இந்த ஆப் நான் அதிகம் பார்க்க மாட்டேன், வாட்ஸ்அப் வாங்களேன்." அதன்பின் காலை வணக்கம், "சாப்டியாம்மா?", இறந்துபோன அம்மாவைப் பற்றிய கதை. மூன்றாம் வாரம்: "உனக்கு ஒரு சர்ப்ரைஸ் அனுப்பியிருக்கேன், ஐபோன், நகை, கொஞ்சம் பவுண்டு." இரண்டு நாள் கழித்து டெல்லி விமான நிலையச் சுங்கத் துறையிலிருந்து ஒரு பெண் குரல்: பார்சல் வந்திருக்கிறது, வரி 35,000 ரூபாய். கட்டினால், உள்ளே வெளிநாட்டுப் பணம் இருக்கிறது, சான்றிதழுக்கு இன்னும் ஒரு லட்சம். கட்ட மறுத்தால் கைது என்று மிரட்டல்.

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. வாட்ஸ்அப்புக்கு இழுப்பது எதற்கு? தளத்துக்குள் நடக்கும் பேச்சைத்தான் தளம் பார்க்க முடியும், புகார் வந்தால் கணக்கை மூட முடியும். வெளியே போய்விட்டால் அந்தக் காவல் இல்லை. ஆகவே குறைந்தது முதல் சில வாரங்களுக்குத் தளத்துக்குள்ளேயே பேசுங்கள். மதுரைப் பூர்வீகம் நம்பிக்கைக்காக; ராஜபாளையம் பஸ் எந்தப் பஸ் நிலையத்தில் ஏற வேண்டும் என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார். சுங்கத் துறை விஷயத்தில் உறுதியாக ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: சுங்க வரியைத் தனிநபரின் வங்கிக் கணக்கில் கட்டச் சொல்ல மாட்டார்கள். 2019 முதல் அந்தத் துறையின் கடிதங்களில் ஆவண அடையாள எண் ஒன்று இருக்கும், அதை அவர்களின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம்.

இன்னொரு வகை நேராகப் பணம் கேட்காது. அழகான ஒருவர், மாதக்கணக்கில் அன்பாகப் பேசுவார், நடுநடுவே தன் கிரிப்டோ லாபத்தைக் காட்டுவார். "நீயும் 5,000 போட்டுப் பாரு." போட்டால் திரையில் அது 7,000 ஆகும், எடுக்கவும் முடியும். நம்பி, நகையை அடகு வைத்துப் பெரிய தொகை போட்ட பிறகு எடுக்க முடியாது. இந்தப் பேச்சுகளில் பல, மியான்மரிலும் கம்போடியாவிலும் முள்வேலி போட்ட கட்டடங்களிலிருந்து வருகின்றன. தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துப் போகப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்களே மியான்மரின் மியாவாடியில் இந்த வேலையைச் செய்ய அடைத்துவைக்கப்பட்டு, 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். உங்களோடு தமிழில் பேசுகிறவரே மிரட்டலுக்குப் பணிந்து தட்டச்சு செய்கிற ஒருவராக இருக்கலாம். அவருக்காக இரக்கப்படலாம், பணம் மட்டும் போடாதீர்கள்.

ஆக, நேரில் பார்த்துப் பழகாத எவருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. வாங்கவும் கூடாது. "என் கார்டு ப்ளாக் ஆயிருச்சு, உன் அக்கவுண்டுக்கு அனுப்பச் சொல்றேன், எடுத்து மாத்திவிடு" என்பது திருட்டுப் பணத்தை உங்கள் கணக்கு வழியாகக் கடத்துவது. போலீஸ் முதலில் முடக்குவது உங்கள் கணக்கைத்தான். நூறு நாள் வேலைக் கூலியும், நெல் கொள்முதல் பணமும், கேஸ் மானியமும் வந்து விழுகிற ஒரே கணக்கு முடங்கினால் வீடே திண்டாடும்.

நம் பக்கத்தில் 35 வயதைத் தாண்டியும் பெண் அமையாத விவசாயக் குடும்பத்து ஆண்கள் நிறைய. அவர்களுக்காகவே ஒரு வலை விரிக்கப்படுகிறது. இலவச வரன் தளத்தில் போட்ட எண்ணைப் பார்த்து ஒரு குரல் கூப்பிடும்: "வெளியூர்ப் பொண்ணு, அம்மா அப்பா இல்ல, நகை எதுவும் போட மாட்டாங்க, நீங்கதான் செலவு பாத்துக்கணும்." தரகர் கமிஷன் முன்பணம். அவசரக் கல்யாணம், கோயிலில், பெண் பக்கம் நான்கே பேர். சில வாரத்தில் பீரோ காலி. பெண்ணின் ஊருக்கு நேரில் போய், அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல், ஆதாரையும் பள்ளிச் சான்றிதழையும் பார்க்காமல் பூ வைக்காதீர்கள். விசாரிப்பதை அவமானமாக எடுத்துக்கொள்கிற குடும்பத்தோடு சம்பந்தமே வேண்டாம். கல்யாணத்தை உடனே பதிவு செய்யத் தயங்கினாலும் அப்படித்தான்.

வீடியோ அழைப்பு நல்ல சோதனை. பகல் வெளிச்சத்தில், நீங்கள் சொல்கிற நேரத்தில் பேசச் சொல்லுங்கள். தலையை இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லி, கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோகச் சொல்லிப் பாருங்கள். ஒட்டவைத்த முகமாக இருந்தால் பல நேரம் அங்கே பிசகும். ஆனால் வீடியோவிலேயே பெரிய ஆபத்தும் இருக்கிறது. ராத்திரியில், முன்பின் தெரியாத பெண், பேச்சு தொடங்கி பத்து நிமிடத்தில் ஆடையை விலக்குகிறாள், உங்களையும் கேட்கிறாள் என்றால், அது பதிவாகிக்கொண்டிருக்கிறது. உடனே துண்டியுங்கள். நெருக்கமான படங்களை எவருக்கும், எவ்வளவு பழகிய பிறகும், போனில் அனுப்பாமலிருப்பதே நல்லது.

முதல் சந்திப்பு

கல்லுப்பட்டியிலும் பேரையூரிலும் வேண்டாம், மதுரைக்குப் போங்கள். கூட்டம் இருக்க வேண்டும், கேமரா இருக்க வேண்டும், பஸ் வசதி இருக்க வேண்டும். நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் நான் முதலில் சொல்கிற இடம். இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காந்தி அருங்காட்சியகமும் நல்லது. சொக்கிக்குளத்து வணிக வளாகமும் சரிதான், சத்தம் அதிகம். மீனாட்சியம்மன் கோயில் பாதுகாப்பான இடம் என்று பலர் நினைப்பார்கள். ஆனால் 2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது, வாசலில் கொடுத்துவிட வேண்டும். முதல் சந்திப்பில் கையில் போன் இல்லாமல் இருப்பது சரியில்லை. சமணர் மலை, குட்லாடம்பட்டி அருவி, ஆற்றோரத் தோப்பு, லாட்ஜ், "நண்பன் ரூம்" எதற்கும் சம்மதிக்காதீர்கள்.

இடத்தை நீங்கள் சொல்லுங்கள். டெல்லியிலும் மும்பையிலும் செயலியில் பழக்கமான பெண் குறிப்பிட்ட ஒரு கஃபேக்கு வரச்சொல்லி, ஆயிரக்கணக்கில் பில் போட்டு, அடியாட்களை வைத்துப் பணம் பறித்த வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. 2024-இல் டெல்லியில் ஒருவரிடம் ஒரு லட்சத்துக்கு மேல் பறித்தார்கள். கடைக்குள் போனதும் விலைப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

காலை பதினொன்று சரியான நேரம். சொந்தமாகப் பஸ்ஸில் போய், பஸ்ஸிலேயே திரும்புங்கள். "நான் பைக்ல கொண்டுவிடுறேன்" என்றால் வேண்டாம் என்பதை ஒரே முறை, சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். மறுபடி வற்புறுத்தினால் அதுவே போதுமான அடையாளம். சங்கிலி, வளையல் வேண்டாம். உங்கள் கண் முன்னால் திறந்த பானத்தை மட்டும் குடியுங்கள். முதலில் தேர்ந்தெடுத்த அந்த ஒருவருக்கு நேரலை இருப்பிடம் அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிடச் சொல்லுங்கள். அவர் கேட்க வேண்டியது, "அத்தைக்கு மாத்திரை வாங்கிட்டியா?" வாங்கிவிட்டேன் என்றால் எல்லாம் நலம். மறந்துட்டேன் என்றால், உடனே கிளம்ப ஒரு காரணம் வேண்டும் என்று பொருள். அவர் "அத்தைக்கு முடியல, உடனே வா" என்பார். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியைப் போட்டு வைத்திருங்கள், அவசரப் பொத்தான் அதில் இருக்கிறது. 112-ஐயும் அழைக்கலாம்.

வயது வந்த இருவர் பூங்காவில் உட்கார்ந்து பேசுவது குற்றமல்ல. எவராவது வந்து படம் எடுத்து மிரட்டினால், அவர் செய்வதுதான் குற்றம்.

பழக்கம் முற்றினால்

இதை மறைத்துவிட்டு எழுத மனம் வரவில்லை. நம் மாவட்டத்தில் உறவுக்குச் சாதி குறுக்கே வரும்போது உயிருக்கே ஆபத்து வந்திருக்கிறது. உசிலம்பட்டிப் பகுதியில் 2014-இல் சாதி மாறி மணந்த ஓர் இளம்பெண் இறந்த வழக்கில்தான், 2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படிப்பட்ட இணையர்களுக்காகத் தனிப் பிரிவு அமைக்க உத்தரவிட்டது. காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோர் அதில் இருக்க வேண்டும் என்றது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் பாதுகாப்பு இல்லங்கள் வேண்டும் என்றது. ஆகவே பழகியவரின் சாதி உங்கள் வீட்டில் பிரச்சினையாகும் என்று தெரிந்தால், வீட்டில் சொல்வதற்கு முன்பே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் ஒரு மனு கொடுத்து, நகலை அந்த ஒருவரிடம் வையுங்கள். விஷயம் தெரிந்தபின் "வா, பேசித் தீத்துக்குவோம்" என்று அழைத்தால் தனியாகப் போகாதீர்கள். வழக்கறிஞரோடு, அல்லது காவல் நிலையத்தில் வைத்துப் பேசலாம்.

ஒரே பாலினத்தவரைத் தேடுகிறவர்களுக்கும் ஒரு சொல். 2018 செப்டம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, சம்மதத்தோடு இரு பெரியவர்கள் பழகுவது குற்றமில்லை. 2021 ஜூனில் உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட இணையர்களைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்று உத்தரவிட்டது. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் தொடுத்த வழக்குதான் அது. ஆகவே "போலீஸ்ல சொல்லுவேன்" என்று மிரட்டிப் பணம் கேட்டால் நீங்களே போலீசுக்குப் போகலாம்.

மாட்டிக்கொண்டால்

பணம் போயிருந்தால் உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவு வாய்ப்பு, பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க. அடுத்து சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதிவு செய்து, வரும் எண்ணைக் குறித்து வையுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் அங்கே கொடுக்கலாம்.

படத்தை வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் அடுத்த வாரம் மறுபடி வருவார்கள். பேச்சை அழிக்காமல் எண், கணக்குப் பெயர், தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, பிறகு தடுத்துவிடுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் நண்பர் பட்டியலை மறையுங்கள். மிரட்டுகிறவன் முதலில் பார்ப்பது அதைத்தான். 2021-இல் தொடங்கிய ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவசத் தளம், உங்கள் படத்தைத் தன்னிடம் வாங்காமலே, உங்கள் போனிலேயே அதற்கு ஓர் எண்முத்திரை உண்டாக்கி, சேர்ந்துள்ள சமூக ஊடகங்களில் அந்தப் படம் ஏறாமல் தடுக்க உதவுகிறது. படம் ஏற்கெனவே ஏறிவிட்டது என்றால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். நிர்வாணப் படமோ ஒட்டுவேலை செய்த படமோ என்றால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021 விதிகள் வைத்தன.

ஊர்க் காவல் நிலையத்தில் தெரிந்தவர் இருப்பார் என்று பலர் புகாரையே விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி எல்லையைக் காரணம் காட்டாமல் எந்தக் காவல் நிலையமும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். கல்லுப்பட்டிக்காரர் மதுரை நகரத்தில் கொடுக்கலாம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போகலாம். மனு ஏற்புச் சீட்டு கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். பொள்ளாச்சியில் 2019-இல் ஒரு கல்லூரி மாணவி கொடுத்த புகார்தான் அங்கு நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கைத் திறந்தது. 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. நாகர்கோவிலில் பல பெண்களோடு இணையத்தில் பழகி ஏமாற்றிய காசி 2020-இல் பிடிபட்டதும் ஒரு மருத்துவர் கொடுத்த புகாரால்தான். 2023-இல் ஆயுள் தண்டனை. கல்யாணம் செய்வதாகப் பொய் சொல்லி உறவு கொண்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை உண்டு.

மனம் தாங்காமல் விபரீதமாக ஏதாவது தோன்றினால் 14416-க்கோ 104-க்கோ கூப்பிடுங்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. பெண்களுக்கு 181 எந்நேரமும் உண்டு.

தளத்தைவிட்டு வெளியேறும்போது போனிலிருந்து செயலியை நீக்கினால் மட்டும் உங்கள் கணக்கு போகாது. படம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அமைப்புகள் பகுதிக்குள் போய், முதலில் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பிறகு கணக்கை அழிக்கும் தேர்வைப் போட்டு, உறுதி செய்த மின்னஞ்சல் வந்ததா என்று பாருங்கள். கட்டணச் சந்தா எடுத்திருந்தால் அதை பிளே ஸ்டோரில் தனியாக ரத்து செய்ய வேண்டும், இல்லையென்றால் மாதாமாதம் பணம் பிடிப்பார்கள்.